பானெட்டைத் திறந்து வைத்த முருகானந்தம்

பிள்ளைகள் ஏறுவதற்கு முன்னால் முருகானந்தம் மாமா லாரியின் பானெட்டைத் திறந்து வைப்பார். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும். அவர் எதையும் தொடமாட்டார், எதையும் விளக்கவும் மாட்டார். சற்றுத் தள்ளி நின்று, பச்சைமலையிலிருந்து இறங்கும் பாதையைப் பார்ப்பார். பிறகு மூடிவிட்டு வண்டியை எடுப்பார். நான் பார்த்த வருடங்களிலெல்லாம் இப்படித்தான்.

"வண்டி ரிப்பேரா மாமா?" என்று முதல் வருடம் கேட்டேன்.

"நல்லாத்தான் இருக்கு. நீ ஏறும்மா."

பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று, திருச்சியில் ஒரு படைப்பிரிவில் மறுபடி டிரைவராகச் சேர்ந்தவர் அவர். அந்தப் பிரிவு பழைய பணிமனைக் கொட்டகை ஒன்றைக் காலி செய்து, கிராமத்துப் பள்ளிப் பிள்ளைகளுக்காக 'அறிவியல் பாசறை' தொடங்கியது. பிள்ளைகளை ஏற்றி வரும் வேலை அவருக்கு.

எங்கள் ஊர் பச்சைமலை அடிவாரம். மூக்கு நீண்ட ராணுவ லாரி ஊருக்குள் நுழைந்ததும், பட்டாளத்துக்கு ஆள் பிடிக்க வந்துவிட்டார்கள் என்றே எல்லோரும் நினைத்தார்கள். ஹெட்மாஸ்டர் சொன்னதை யாரும் நம்பவில்லை. என் அண்ணன் உட்பட அத்தனை பையன்களும் மரவள்ளிக் காட்டுக்குள் ஒளிந்துகொண்டார்கள். வண்டியை வெறுமனே திருப்பி அனுப்பினால் வம்பு வருமோ என்று தாய்மார்களுக்குப் பயம்.

"பொட்டப் புள்ளைங்களைப் பட்டாளத்துல சேக்கமாட்டாங்கடி. இதுங்களை ஏத்தி விடுங்க!" என்றாள் ஒருத்தி.

கொட்டகை வாசலில் சுபேதார் பெஞ்சமின் லாரிக்குள் எட்டிப் பார்த்தார். "என்னய்யா, பொண்ணுங்க ஸ்கூலுக்குப் போயிட்டியா?"

"இல்லைங்க சார். பசங்க பூரா கிழங்குக் காட்டுல பதுங்கியிருக்கானுங்க. பார்டர்ல கூட இப்படிப் பதுங்கி நான் பாத்ததில்லைங்க."

அந்த முதல் நாள் கூட்டத்தில், மலைமேலிருந்து வந்த செவந்தி இருந்தாள். ஒன்பதாம் வகுப்பு. மாலையில் மற்றவர்கள் இறங்கி ஓடிய பிறகும் அவள் லாரியின் முன்னால் நின்றாளாம்.

"மாமா, சாவியைத் திருப்புனதும் உள்ள எது மொதல்ல அசையுது?"

அத்தனை வருடம் லாரி ஓட்டியவரிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை. இருட்டிக்கொண்டு வந்தது. "நாளைக்குத் திறந்து காட்டுறேன்" என்றார்.

மறுநாள் கொள்ளிடத்தில் வெள்ளம். லாரி மீட்பு வேலைக்குப் போய்விட்டது. அது திரும்பி வருவதற்குள் செவந்தியின் அப்பா மரத்திலிருந்து விழுந்து இடுப்பொடிந்து படுத்துவிட்டார். அவளைத் திருப்பூர் மில்லுக்கு அனுப்பிவிட்டார்கள். காலியான அவள் இடத்தில், ஆறாம் வகுப்பிலிருந்த என்னை ஹெட்மாஸ்டர் ஏற்றிவிட்டார்.

அன்று பாசறையில் நான் பார்த்தது இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு சின்ன விமான இறக்கை. ஒரு பக்கமிருந்து புகையை ஊதினார்கள். நூல் நூலாக வந்த புகை இறக்கையின் முனையில் பிரிந்து, மேலும் கீழும் வழுக்கிக்கொண்டு போனது. இறக்கை மெல்ல எழுந்தது. யாரும் தூக்கவில்லை. எனக்கு உடம்பு சிலிர்த்தது. பக்கத்தில் நின்றவள் கையெடுத்துக் கும்பிட்டே விட்டாள். நாங்கள் பிறந்ததிலிருந்து எங்களைச் சுற்றியிருந்த அதே வெறும் காற்றுதான்!

அடுத்த வருடம் மரவள்ளிக் காட்டுப் பையன்கள் தாங்களாகவே வந்து நின்றார்கள், அண்ணன் முதல் ஆளாக. பிறகு வையம்பட்டி, உறையூர், ஸ்ரீரங்கம் என்று பாசறை விரிந்துகொண்டே போனது. கொட்டகைகள் கூடின. எங்கள் பிள்ளைகளும் ஸ்ரீரங்கத்துப் பிள்ளைகளும் சேர்ந்து செய்த சின்ன ராக்கெட் சீறிக் கிளம்பியபோது, திடல் முழுக்க முகங்கள் ஒரே நேரத்தில் நிமிர்ந்தன. ராக்கெட்டைப் பார்க்காமல் அந்த முகங்களையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

நான் இயற்பியலில் பட்டம் வாங்கினேன். எங்கள் வீட்டில் அதுதான் முதல் பட்டம். இப்போது அதே பாசறையில் சொல்லிக்கொடுக்கிறேன். ஆனால் அந்த லாரியில் எத்தனையோ முறை ஏறியும், செவந்தி கேட்டது எனக்கு ஏன் ஒருமுறைகூடத் தோன்றவில்லை? அவள் இடத்தில் உட்கார்ந்தேன். அவள் கேள்வி எனக்கு வரவில்லை.

இந்த வருடம் புது பஸ்கள் வந்தன. எஞ்சின் பின்பக்கம், பூட்டிய கதவுக்குள் இருக்கிறது. திறந்து வைக்க வழியில்லாமல் நின்ற அன்றுதான் மாமா செவந்தி கதையை என்னிடம் சொன்னார். அவள் அம்மா மாரியாயியிடம் நம்பர் வாங்கி வைத்திருந்தார். என் போனில் கூப்பிட்டோம். மில் இரைச்சல் காதைப் பிளந்தது.

"யாருங்க?"

"பட்டாளத்து லாரி டிரைவர்ம்மா. முருகானந்தம்."

இரைச்சலுக்கு மேலே அவள் குரல் உயர்ந்தது.

"அட போங்க மாமா! நாளைக்குக் காட்டுறேன்னீங்க. உங்க நாளைக்கு இப்பத்தான் விடியுதாக்கும்?"

"வாம்மா. லாரி இன்னும் இருக்கு."

"இப்பவே சொல்லிடுங்களேன், எது மொதல்ல அசையுது?"

"போன்ல சொல்லமாட்டேன். திறந்து காட்டுறேன்னுதானே சொன்னேன்?"

அவள் சிரித்தாள். "லீவு கிடைச்சா வரேன் மாமா."

அந்த மாதமே அவர் வேலையை விட்டுப் போய்விட்டார். போகிற அன்றும் பஸ்கள் கிளம்புவதற்கு முன் கொட்டகைக்குள் போய், பழைய லாரியை ஸ்டார்ட் செய்து, பானெட்டைத் திறந்து வைத்துவிட்டு நின்றார். பிறகு மூடிவிட்டுச் சாவியை என்னிடம் கொடுத்தார்.

செவந்திக்கு இன்னும் லீவு கிடைக்கவில்லை.