கோடு சாயும் பக்கம்

ஒன்பது வயதில் எனக்கு ஒரு பெருமை இருந்தது. அதைப் பீற்றிக்கொள்ள ஆள்தான் கிடைக்கவில்லை. என் இடது கண் சோம்பேறிக் கண்; பழக்கினால்தான் சரியாகப் பார்க்கும். அதன் வைத்தியத்துக்காகவே அம்மாவும் நானும் எழுமலையை விட்டு, கே.கே. நகரில் ஒரு மாடி வீட்டுக்குக் குடிவந்திருந்தோம். அப்பா வேலையை விட முடியாமல் ஊரிலேயே தங்கிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருவார். நல்ல கண்ணை பேட்ச் ஒட்டி மூடியிருக்கும் பிள்ளையோடு சேர அந்தத் தெருவில் யாருக்கும் அவசரம் இருக்கவில்லை.

தினமும் சாயங்காலம் கிளினிக்கில் கம்ப்யூட்டர் முன் உட்காருவேன். திரையில் மங்கலாக, கோடு போட்ட வட்டம் ஒன்று வரும். கோடு எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்து பட்டனை அழுத்த வேண்டும். மூன்றே மாதத்தில் அதில் நான் புலி. அதுதான் என் பெருமை.

"அக்கா, இனிமே பந்தும் பிடிச்சிருவேன்ல?" என்று அங்கே பயிற்சி கொடுத்தவரிடம் கேட்டேன். கீழே பிள்ளைகள் எறிபந்து ஆடுவதை மாடியிலிருந்தே பார்த்து ஏங்கிப் போயிருந்தேன்.

"இதுல பழகுனா இது வரும் பாப்பா. பந்துக்கும் வருமான்னு போகப் போகத்தான் தெரியும்."

நான் அதை 'வரும்' என்றே எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் பேட்சைக் கழற்றிவிட்டுக் களத்தில் இறங்கினேன். பந்து வந்தது. அதன் மேலிருந்த கோடு எந்தப் பக்கம் சாய்கிறது என்று உன்னிப்பாகப் பார்த்தேன். வலது பக்கம். சரியான விடைதான். பந்து என் மூக்கில் மோதியது.

"நீ ஸ்கோர் எழுது பாப்பா," என்றாள் ஒரு பெரிய பெண். எழுதாமல் வீட்டுக்கு ஓடி, குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

அம்மா போனில் சொல்லியிருக்க வேண்டும். அந்த ஞாயிறு அப்பா புதுப் பந்தோடு வந்து என்னை மொட்டைமாடிக்கு அழைத்துப் போனார். அவர் எறிந்ததையெல்லாம் நான் விட்டேன். நான் எறிந்ததையெல்லாம் அவரும் விட்டார். கை ஒரு பக்கம், பந்து ஒரு பக்கம்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "நடிக்காதப்பா! எனக்காக வேணும்னே விடுற!"

"இல்ல தாயி. எனக்கு இம்புட்டுதான் வரும்," என்று சிரித்தார்.

நான் நம்பவில்லை. விறுவிறுவென்று இறங்கி வந்துவிட்டேன். மேலே பந்து சுவரில் மோதுவதும் உருள்வதும் வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தது.

அப்பாவுக்கும் இடது கண் அப்படித்தான், சின்ன வயதில் அதை யாரும் கவனிக்கவில்லை என்று நான் கல்லூரிக்குப் போன பிறகுதான் அம்மா சொன்னாள். எனக்குச் சரியான ஜோடி அன்றைக்கு மாடியில் நின்றிருந்தார். அது தெரியாமல், அவரைத் தனியாக ஆடவிட்டு வந்திருக்கிறேன்.