வால் பலகைக்குப் போட்ட நல்லெண்ணெய்

சுங்கை பினாங் பிளாட்ல எங்க வீட்டுக்கு மேல் மாடியில ஒரு அக்கா இருக்காங்க. ரிமோட்ல பறக்குற ஏரோப்ளேன் செய்வாங்க. விளையாட்டு சாமான்னு நினைச்சுராதீங்க. ரெக்கை என்னைவிட நீளம், எடை பன்னெண்டு கிலோ, மூக்குல பெட்ரோல் இன்ஜின். ஹால்ல சோபா இருக்க வேண்டிய எடத்துல அதுதான் படுத்திருக்கும். வர்ற ஆளுங்க தரையில உக்காரணும்.

"இவரு எப்பக்கா எந்திரிப்பாரு?"ன்னு கேப்பேன்.

"உன்னை மாதிரி இல்லடா. இவரு எந்திரிச்சா மேல போவாரு"ன்னு உடனே திருப்பிக் குடுப்பாங்க.

அக்காவுக்கு ஃபேக்டரியில கியூசி வேலை, சாமான்ல குறை கண்டுபுடிக்கறதுக்கே சம்பளம். எனக்கு ஜெலுத்தோங்ல மோட்டோர் பட்டறை. படிப்பு ஃபார்ம் த்ரீயோட என்னை விட்டுப் போயிருச்சு, நானும் தேடல. வாய் மட்டும் யுனிவர்சிட்டி வரைக்கும் போகும். ஆனா கை வேலை சுத்தம்னு அக்காவுக்குத் தெரியும். அதனாலதான் ஒரு சனிக்கிழமை ஷிஃப்டுக்குப் போறப்ப, "வால் பலகைக்கு ஹிஞ்ச் நீயே ஒட்டிரு"ன்னு சாவியக் குடுத்துட்டுப் போனாங்க. அதுவரைக்கும் ஹிஞ்ச்சை மட்டும் யாரையும் தொட விட்டதில்ல.

வால்ல ஒரு பலகை மேலயும் கீழயும் ஆடும். அது ஆடுனாத்தான் ப்ளேன் ஏறும், எறங்கும். அதை வாலோட புடிச்சு வச்சிருக்கறது அஞ்சே அஞ்சு ஹிஞ்ச். கதவுக் கீல் மாதிரிதான், ஆனா சுண்டுவிரல் அளவு: ரெண்டு பக்கமும் சொரசொரன்னு ஒரு குச்சி, நடுவுல மடியற மூட்டு. ஒரு குச்சி வாலுக்குள்ள, இன்னொன்னு பலகைக்குள்ள. ஸ்க்ரூ கிடையாது, எப்பாக்ஸி பசை மட்டும்தான். பசை மூட்டுக்குள்ள போனா இறுகிரும், பலகை ஆடாது. அதனால மூட்டுல மட்டும் கொஞ்சம் வாசலின் தடவிட்டுத்தான் ஒட்டணும்.

வாசலின் டப்பாவத் திறந்தா காலி. கீழ கடைக்குப் போயிருக்கலாம், சோம்பேறித்தனம்லா. சாமி மேடையில விளக்குப் பக்கத்துல நல்லெண்ணெய் போத்தல் இருந்துச்சு. எண்ணெயும் வழவழ, வாசலினும் வழவழ, அதுக்கு மேல இது சாமி எண்ணெய். என் மூளைய நானே மெச்சிக்கிட்டேன். பாசார்ல, மார்க்கெட்லதான், மீன் அடுக்கி வர்ற வெள்ள நுரைப்பெட்டி ஒடைஞ்ச துண்டு ஒன்னு கிடந்துச்சு. ஹிஞ்சுங்கள அதுல வரிசையா குத்தி நிக்க வச்சேன், ஒரு குச்சி கீழ, ஒரு குச்சி மேல. பல்லுக்குச்சியால மூட்டு மூட்டா ஒரு சொட்டு. அஞ்சு போதும், நான் ஆறு குத்திட்டேன். அப்புறம் போன் வந்துச்சு, அரை மணி நேரம் யாரையோ கிண்டல் பண்ணிட்டு இருந்தேன். வந்து பசை கலந்து ஒட்டிட்டேன்.

மறுநாள் அக்கா கேட்டாங்க, "இழுத்துப் பாத்தியா?"

பசை காஞ்சதும் ஒவ்வொரு ஹிஞ்ச் பக்கத்துலயும் பலகையப் புடிச்சு பலமா இழுத்துப் பாக்கணும். அதுதான் முறை.

"பாத்தேன்க்கா. ப்ளேனே கூட வந்துச்சு, அவ்ளோ ஸ்ட்ராங்"ன்னேன். இழுக்கவே இல்ல.

அடுத்த ஞாயித்துக்கிழமை சுங்கை பாக்காப் பக்கம் எஸ்டேட் பாடாங்குக்கு, பெரிய புல்லுத் திடல், போனோம். அக்காவோட பறக்க விடுற அண்ணனுங்க மூணு பேரு வந்திருந்தாங்க. புது ப்ளேன் பறக்குதுன்னு கேள்விப்பட்டு எஸ்டேட் குடும்பங்களும் பாய விரிச்சு, நாசி லெமாக் சோத்துப் பொட்டலத்தோட ஓரத்துல உக்காந்திருந்தாங்க. புதுக் காடிக்குச் செய்ற மாதிரியே ப்ளேனுக்கும் பூசை: மூக்குல சந்தனம், சக்கரத்துக்கு அடியில எலுமிச்சம்பழம். சூடம் கொளுத்த லைட்டர் எடுக்க டூல் பாக்ஸத் திறந்தேன். உள்ள அந்த வெள்ள நுரைப்பெட்டித் துண்டு, அதுல மிச்சமான ஆறாவது ஹிஞ்ச். சும்மா புடுங்குனேன். கீழ்க் குச்சி முழுக்க எண்ணெய். வாசலின் நிக்கும், எண்ணெய் ஓடும். ஒரு சொட்டு போட்டு அரை மணி நேரம் நிக்க வச்சா கீழதானே வடியும்?

எண்ணெய்ல பசை புடிக்காது. ப்ளேன் மேல போனப்புறம் பலகை கழண்டா பன்னெண்டு கிலோ எங்க விழும்னு யாராலயும் சொல்ல முடியாது. பாய்ல உக்காந்திருந்தவங்களப் பாத்தேன். ஒரு அம்மா கைக்குழந்தைக்கு குடை புடிச்சிட்டு இருந்தாங்க.

"அக்கா, பறக்க விடாதீங்க. ஹிஞ்ச் புடிச்சிருக்காது."

அண்ணனுங்க சிரிச்சாங்க. போன மாசம் "அண்ணே, உங்க ப்ளேன்ல பாம்பு"ன்னு கத்தி அதுல ஒருத்தர செருப்பில்லாம ஓட விட்டவன் நான்.

"இன்னிக்கு என்னடா தம்பி, மலைப்பாம்பா?"ன்னாரு அவரு.

"இல்லண்ணே, நெசமா."

"நெசமான்னு சொல்றப்பதான்டா எனக்கு பயமே!"

அக்கா சிரிக்கல. என் கையில இருந்த ஹிஞ்ச்ச வாங்கி, ரெண்டு விரலால தேச்சு, மூக்குகிட்ட கொண்டு போனாங்க.

"நல்லெண்ணெயா?"

"ஆமாக்கா."

"இழுத்துப் பாத்தேன்னு சொன்னியே?"

அந்த நேரத்துக்கு ஒரு ஜோக்காவது வந்திருக்கலாம். "பாக்கல"ன்னேன்.

"இப்ப இழு."

மொத ஹிஞ்ச்கிட்ட இழுத்தேன், அசையல. ரெண்டாவதும் அசையல. பொய் சொன்னாலும் தப்பிச்சுட்டேன்னு ஒரு நிமிஷம் தோணுச்சு, அதை மறைக்க மாட்டேன். மூணாவதுகிட்ட இழுத்தேன். முடி அளவுக்கு ஒரு சந்து. இன்னும் கொஞ்சம் இழுத்தேன். சத்தமே இல்லாம வழுக்கிக்கிட்டு வந்துச்சு, பின்னாலயே நாலாவதும் அஞ்சாவதும். பலகை ஒரு பக்கமா தொங்குச்சு. அண்ணனுங்க சிரிப்பு நின்னுருச்சு.

அக்கா திட்டல. எஸ்டேட் ஆளுங்ககிட்ட போய், "இன்னிக்கு இல்ல, மன்னிச்சுக்குங்க"ன்னு அவங்களே சொன்னாங்க. ப்ளேனக் காடியில ஏத்தி, பாலம் தாண்டி வீடு வந்து சேந்தோம். திட்டியிருந்தா பதிலுக்கு ஏதாவது கிண்டல் பண்ணி ஒப்பேத்தியிருப்பேன். எனக்குத் தெரிஞ்சது அது ஒன்னுதான்.

எண்ணெய் தப்பு யாருக்கும் வரும், கழுவுனா போயிரும். "இழுத்துப் பாத்தேன்"னு சொன்னதத்தான் எதுல கழுவறதுன்னு தெரியல. ஒரு வாரம் பட்டறையில நட்டு இறுக்குறப்பல்லாம், 'இதை இறுக்குனேன்னு நான் சொன்னா யாரு நம்புவா?'ன்னு ஓடிட்டே இருந்துச்சு.

சனிக்கிழமை நானே மேல போனேன், கையில புது வாசலின். அக்கா கதவைத் திறந்து விட்டாங்க. பழைய குச்சியெல்லாம் நோண்டி எடுத்து, ஓட்டைய ஸ்பிரிட்டு வச்சுத் தொடச்சு, புது ஹிஞ்ச் வச்சேன். பசை காயட்டும்னு மறுநாள் வரைக்கும் தொடல.

மறுநாள் சாயங்காலம் போய், "அக்கா, வந்து நீங்க இழுத்துப் பாருங்க"ன்னேன்.

அடுப்படியில இருந்து எட்டிப் பாத்தாங்க. கையில கரண்டி.

"நீ இழு. எனக்குக் கறி தீயுது"ன்னு சொல்லிட்டு உள்ள போயிட்டாங்க.

அஞ்சையும் இழுத்தேன். யாரும் பாக்கல. விரல் செவக்குற வரைக்கும் இன்னொரு தடவ அஞ்சையும் இழுத்தேன்.

"என்னடா, புடிச்சிருக்கா?"ன்னு உள்ள இருந்து குரல்.

"புடிச்சிருக்குக்கா"ன்னேன். அதோட நிறுத்திக்கிட்டேன்.