அம்மாவுக்கு அப்பா சொன்ன ஆலோசனை

என் அப்பாவிடம் ஒரு புடவைக்குக்கூட யோசனை கேட்க முடியாது. "பச்சை சீக்கிரம் வெளுக்கும். நீலம் நிக்கும், ஆனா உன்கிட்ட ஏற்கெனவே நீலம் இருக்கு. முடிவு உன்னுது" என்பார். தனக்கு எது பிடித்திருக்கிறது என்று மட்டும் வாயைத் திறக்க மாட்டார். கடைக்காரர் முன்னால் அம்மாவின் முகம் சுருங்கிப்போகும். பிடி கொடுக்காத மனுஷன் என்று சின்ன வயதிலிருந்தே எனக்கு அவர்மேல் எரிச்சல்தான்.

அது அவர் பார்த்த வேலையில் ஒட்டிக்கொண்ட பழக்கம். அணுசக்தி இந்த நாட்டில் காலூன்றத் தொடங்கிய காலத்தில், டெல்லியில் அரசுக்கு ஆலோசனை சொன்னவர்களில் அப்பாதான் வயதில் சின்னவர். அணு உலையை வெளிநாட்டில் வாங்குவதா, நாமே கட்டுவதா, எந்த ஊரில் வைப்பது என்றெல்லாம் மேலே இருப்பவர்கள் கேட்பார்கள். இவர் சாதகம், பாதகம் இரண்டையும் எழுதிக் கொடுப்பார். தன் விருப்பத்தை ஒரு சொல்கூடக் கலக்க மாட்டார். "விஷயம் தெரிஞ்சவன் ஆசைப்பட்டுப் பேசினா, தெரியாதவங்க தலையாட்டிடுவாங்க. அது ஏமாத்து வேலை" என்பது அவர் கட்சி. மின்நிலையத்துக்கு இடம் பார்க்கப் போன ஓர் ஊரில் ஒரு விவசாயி, "உங்க நெலமா இருந்தா குடுப்பீங்களாங்க?" என்று கேட்டாராம். அவருக்கும் இரண்டு பக்கத்தையும் விளக்கிவிட்டுத்தான் வந்ததாகப் பெருமையாகச் சொல்வார். பாவம் அந்த விவசாயி!

வேலை முடிந்ததும் அம்மாவும் அப்பாவும் சொந்த ஊரான நல்லம்பள்ளிக்கே வந்துவிட்டார்கள். நான் தருமபுரியில் இருப்பதால் வாரத்தில் பாதி நாள் அங்கேதான் கிடப்பேன். போன வருஷம் அம்மாவுக்குச் சோறு விழுங்க முடியாமல் போனது. தொண்டையில் புற்றுநோய் என்றார் டாக்டர். சில வாரம் தினமும் சேலத்துக்குப் போய்க் கதிர்வீச்சு கொடுத்துக்கொள்ள வேண்டும். இந்த வயதில் முழுசாகக் குணமாகும் என்று சொல்ல மாட்டேன், ஆனால் இன்னும் கொஞ்ச காலம் நன்றாக இருக்கலாம் என்றார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா அப்பாவின் எதிரில் உட்கார்ந்தாள். "ஏங்க, போகட்டுமா?" என்று கேட்டாள்.

அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கதிர் எப்படி வேலை செய்யும் என்று ஆரம்பித்தார். கட்டி சுருங்கும், ஆனால் வாயெல்லாம் புண்ணாகும். கஞ்சிகூட எரியும். சேலம் போகிற வழியில் தொப்பூர் கணவாயில் தினமும் ஏறி இறங்க உடம்பு தாங்க வேண்டும். போகாவிட்டால் என்ன ஆகும் என்பதையும் மறைக்காமல் சொன்னார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். கடைசியில், "உன் உடம்பு. முடிவு உன்னுது" என்றார்.

அம்மா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "வேணாம் வுடுங்க. யாரு அலையறது" என்று எழுந்து போய்விட்டாள். நான் எவ்வளவோ கெஞ்சினேன், கத்தினேன். அவள் அசைந்து கொடுக்கவில்லை.

இனி எதுவும் செய்வதற்கில்லை என்று டாக்டர் கைவிரித்த பிறகு, ஒருநாள் அம்மா என்னைக் கிட்டே கூப்பிட்டாள். குரல் அடைத்துப் போயிருந்தது. "உங்கப்பா 'போலாம் வா'ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, சேலம் என்ன, எங்க வேணாலும் போயிருப்பேன். நான் இருக்கணும்னு அவருக்கே தோணல போல" என்றாள். "நான் போயிக் கேக்கறேன் அவர!" என்று எழுந்தேன். "கேக்காத. கேட்டு வாங்கற வார்த்தை எனக்கு எதுக்கு?" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். அந்த வாரமே போய்விட்டாள்.

கருமாதி முடிந்து சொந்தபந்தமெல்லாம் கிளம்பிய பிறகு, நான் அப்பாவுக்குக் காப்பி கொண்டுபோய் வைத்தேன். அவர் அதைத் தொடவில்லை. "அன்னைக்கு அவ போறேன்னு சொல்லிடணும்னு மனசுக்குள்ள கெஞ்சிக்கிட்டே இருந்தேன்" என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அதை அம்மாகிட்ட சொல்றதுக்கு என்னப்பா? வாயில கொழுக்கட்டையா வெச்சிருந்தீங்க?"

"நான் சொன்னா அவ மறுக்க மாட்டாளே" என்றார். "எனக்காக அத்தனை வலியையும் வாங்கிக்குவா. அதனாலதான் சொல்லல."

அடப் பாவி மனுஷா என்று கத்தத் தோன்றியது. இத்தனை வருஷம் கூடவே இருந்தவளின் மனது இவருக்குத் தெரியவில்லை. இவர் மனது அவளுக்கும் தெரியவில்லை. இரண்டையும் தெரிந்துகொண்டு நான் ஒருத்தி உட்கார்ந்திருந்தேன்.

"நான் கூப்பிட்டிருந்தா சந்தோஷமா வந்திருப்பாளா?" என்று அப்பா கேட்டார். எதையும் இரண்டாகப் பிரித்துச் சொல்கிறவர், குழந்தை மாதிரி என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். இல்லை என்று சொல்லியிருக்கலாம். அம்மாவை அப்படிப் பொய்யாக்க எனக்கு மனசு வரவில்லை.

"அம்மா வந்திருக்கும்பா. நீங்க கூப்பிடுவீங்கன்னுதான் உங்க மூஞ்சியவே பாத்துக்கிட்டு இருந்துச்சு" என்றேன்.

அப்பா அழுது நான் பார்த்ததே இல்லை. அன்றைக்கு வாய்விட்டு அழுதார். "போலாம் வா, போலாம் வா" என்று அம்மா படுத்திருந்த கட்டிலைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே அழுதார்.