மன்னிப்புக்குப் போதாத பிரெஞ்சு

“உங்களுக்கு இது பழக்கம்தானே, மதாம்?” என்று சொல்லிக்கொண்டே எங்கள் பிரெஞ்சு ஆசிரியை என்னை விருந்தாளிகளுக்காக விரித்த பாயின் முதலாவது இடத்தில் இருத்தினார். அவர் அதைப் பாராட்டாகத்தான் சொன்னார். ஆசியாவில் பிறந்தவர்கள் எல்லோரும் தரையிலேயே வளர்ந்தவர்கள், அவர்களுடைய முழங்கால்கள் வேறு மாதிரி வார்க்கப்பட்டவை என்று நினைத்திருப்பார் போலும். எனக்கு அப்போது முப்பத்தொன்பது வயது. ஆறு வருடமாக அதிகாலையில் அலுவலகக் கட்டடங்களின் படிகளைக் கழுவிக் கழுவி, என் வலது முழங்கால் மடக்கினால் நிமிராத நிலைக்கு வந்திருந்தது. அதை நான் யாருக்கும் சொல்லியிருக்கவில்லை. வேலைத்தலத்தில் செவ் என்கிற மேற்பார்வையாளருக்குத் தெரிந்தால் என் மணித்தியாலங்களைக் குறைத்துவிடுவார் என்ற பயம். மறைத்து மறைத்துப் பழகியதில், மறைக்கத் தேவையில்லாத இடத்திலும் வாய் திறக்கவில்லை. எனக்குப் பின்னால் வந்த அல்ஜீரியப் பெண்மணி, “கால் நோகுது” என்று பிரெஞ்சில் ஒரு வார்த்தை சொல்லி, ஒரு கதிரையை இழுத்துப் போட்டு அமர்ந்துவிட்டார். இத்தனை வருடம் கழிந்தும் அந்தக் கதிரையை நினைத்தால் எனக்கு எரிச்சல் வருகிறது.

பாரிஸில், ரூ பிலிப்-து-ஜிரார் தெருவில், லா சப்பல் பக்கத்து எங்கள் ஆட்களின் கடைகளைத் தாண்டி மேலே நடந்தால் ஒரு சங்கத்தின் மண்டபம் வரும். அங்கேதான் செவ்வாயும் வியாழனும் பின்னேர வகுப்பு. நான் அதுவரை பிரெஞ்சு இல்லாமலே காலத்தை ஓட்டியவள். லா சப்பலில் சாமான் வாங்கவோ தலைமுடி வெட்டவோ தமிழ் போதும். வதிவிட அட்டை புதுப்பிக்கப் போன இடத்தில், அதிகாரி என்னிடம் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் என் பதினொரு வயது மகள் பதில் சொன்னாள். வெளியே வந்ததும், “அம்மா, நீங்கள் ஏன் சும்மா சிரிச்சுக்கொண்டு நிண்டனீங்கள்?” என்று கேட்டாள். அடுத்த கிழமையே வகுப்பில் சேர்ந்துவிட்டேன்.

என் பக்கத்துக் கதிரையில் இருந்தவர் ஒரு ஜப்பானியப் பெண். வயதில் என்னைப்போலத்தான். கணவர் ஓர் உணவகத்தில் சமையல் வேலை. அவருடைய ஒப்பந்தம் முடியும் வரைதான் அவர்கள் பாரிஸில் இருப்பார்கள். நான் வினைச்சொல்லைப் பற்றிக் கவலைப்படாமல் வாய்க்கு வந்ததையெல்லாம் கொட்டுவேன். அவரோ ஒரு கேள்விக்குப் பதில் சொல்லுமுன் வசனத்தை மனதுக்குள் முழுவதும் கட்டி முடிப்பார். அதற்குள் ஆசிரியை அடுத்த ஆளிடம் போய்விடுவார். “உங்கள் இரண்டு பேரையும் கலந்தால் எனக்கு ஒரு நல்ல மாணவி கிடைப்பாள்,” என்று ஆசிரியை ஒருநாள் சொன்னார். இருவரும் சிரித்தோம். அவர் எதற்குச் சிரித்தார், நான் எதற்குச் சிரித்தேன் என்பது இருவருக்கும் தெரியாது.

தவணை முடிவில் ஒவ்வொருவரும் தம் நாட்டிலிருந்து ஏதாவது ஒன்றைச் செய்து காட்ட வேண்டும் என்றார் ஆசிரியை. நான் வடை சுட்டுக்கொண்டு போனேன். பத்து நிமிடத்தில் அது முடிந்துவிட்டது. ஜப்பானியப் பெண் தேநீர் தருவதாகச் சொன்னார். தேத்தண்ணிதானே, வடையோடு நன்றாய் இருக்கும் என்று எண்ணினேன். ஆனால் அவர் வந்து நின்ற கோலத்தைக் கண்டதும் மண்டபமே எழுந்து நின்றது. புகை நிறப் பட்டில் கிமோனோ; அடியில் வெள்ளைப் பூக்கள். தாயாருடையது என்று முன்பே சொல்லியிருந்தார். மண்டபத்தின் தேய்ந்த தரையில் இரண்டு பாய்களை விரித்து, மின்னடுப்பில் கேத்தலை வைத்து, எங்களுக்கு முன்னால் முழந்தாளிட்டு அமர்ந்தார்.

அவர் ஒரு துணியை மடித்தார். அந்தத் துணியால் ஏற்கெனவே சுத்தமாக இருந்த கரண்டியைத் துடைத்தார். கிண்ணத்தில் சுடுநீர் ஊற்றி, சுழற்றி, வெளியே ஊற்றினார். எல்லோருக்கும் ஒரு சிறு அவரைமா இனிப்பு வந்தது. தேநீர் வரவில்லை. மற்றவர்கள் கோயிலில் நிற்பதுபோல் வாய் பொத்திப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நானும் பார்த்திருப்பேன். ஆனால் என் கண்ணும் காதும் முழங்காலுக்குள் போய்விட்டன. முதலில் ஊசி குத்தியது, பிறகு எரிந்தது, பிறகு கால் எனக்குச் சொந்தமில்லாத ஒன்றாகிவிட்டது. இந்த மனிசி ஒரு கோப்பை தேத்தண்ணிக்கு ஏன் இவ்வளவு பாடுபடுகிறது என்று உள்ளுக்குள் அவரைத் திட்டினேன். மூங்கிலில் செய்த ஒரு சிறு மத்தால் அவர் பச்சைத் தூளை நுரைக்க அடித்த ஓசை மட்டும்தான் அந்தச் சடங்கில் எனக்கு நினைவிருக்கிறது. அதுவும் முடிவு நெருங்குகிறது என்ற ஆறுதலால்.

கிண்ணத்தைத் தன் பக்கத்தில் வைத்துவிட்டு என்னைப் பார்த்துத் தலை சாய்த்தார். முதல் விருந்தாளி முழங்காலால் நகர்ந்து போய் அதை எடுக்க வேண்டும். நான் நகர்ந்தேன். எடுத்தும்விட்டேன். திரும்புகையில் கால் வராமல், முகங்குப்புற அவர் மடியில் விழுந்தேன். கிண்ணம் உடையவில்லை, பாயில் உருண்டுபோனது. அதிலிருந்த பச்சை முழுவதும் அந்தப் பட்டில் இறங்கியது.

“பர்தோன்,” என்றேன். மெத்ரோவில் இறங்கும்போது வழிவிடச் சொல்லும் அதே சொல். அதைவிடப் பெரிய சொல் என்னிடம் இருக்கவில்லை. திரும்பத் திரும்ப அதையே சொன்னேன். அவரும் “பரவாயில்லை, பரவாயில்லை” என்று தான் கற்ற அந்த ஒன்றையே சொல்லிக்கொண்டு, முதலில் என் கையைத் துடைத்தார். அவருடைய முகம் மட்டும் வெளுத்திருந்தது.

வீட்டுக்கு வந்து மகளிடம் சொன்னேன். “பிள்ளை, பெரிய பிழைக்கு மன்னிப்புக் கேக்கிற மாதிரி ஒரு நல்ல வசனம் எழுதித் தா.” அவள் தன் பள்ளிக்கூடப் பிரெஞ்சில் ஓர் அழகான வசனம் எழுதினாள். அதில் ‘கொன்ஃப்யூஸ்’ என்றொரு சொல் இருந்தது. வெட்கித் தலைகுனிந்து நிற்கிறேன் என்று கருத்தாம். நான்கு நாட்கள் படிகளைக் கழுவிக்கொண்டே பாடமாக்கினேன். அடுத்த வகுப்பில் அவர் முன்னால் நின்று பிழையில்லாமல் ஒப்புவித்தேன். அவர் வழக்கம்போல நெடுநேரம் யோசித்தார். பிறகு முகம் மலர்ந்து, “ஓ! கொன்ஃப்யூஸ்! புரிகிறது. ஞாயிறு, என் வீடு,” என்றார்.

மன்னித்துவிட்டார் என்று நினைத்து, வாழைப்பழமும் பலகாரமும் வாங்கிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை போனேன். மேசையில் ஒரு தாள். தேநீர்ச் சடங்கின் ஒவ்வொரு படியையும் அவர் படமாக வரைந்து, இலக்கமிட்டு, பக்கத்தில் அகராதியைப் பார்த்துப் பிரெஞ்சுச் சொற்களை எழுதியிருந்தார். அப்போதுதான் விளங்கியது. அந்தச் சொல்லுக்குக் குழம்பிப்போயிருக்கிறேன் என்றும் ஒரு கருத்து உண்டு. அவர் அதைத்தான் எடுத்திருக்கிறார். சடங்கு விளங்காமல் நான் குழம்பிவிட்டேனாம், ஆறுதலாகச் சொல்லித் தரக் கூப்பிட்டிருக்கிறார். அதைத் திருத்துவதென்றால் இன்னும் பத்து வசனம் வேண்டும். என்னிடம் இருந்ததே அந்த ஒன்றுதான். அழுகை வரும்போல இருந்தது. தாளின் முடிவுவரை தலையாட்டினேன்.

அவர் பாயை விரித்தார். அப்போது, அல்ஜீரியப் பெண்மணி சொன்ன அதே வார்த்தை என் வாயிலும் வந்தது. பாவாடையை உயர்த்தி முழங்காலைக் காட்டினேன். வீக்கத்தைப் பார்த்ததும் அவர் இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு குனிந்து வணங்கத் தொடங்கினார். ஒரு முறை, இரண்டு முறை, பல முறை. இந்தக் காலோடு உன்னைத் தரையில் இருத்திவிட்டேனே என்று அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்கிறார்! “நோன், நோன், நான்தான்” என்று அவருடைய தோளைப் பிடித்து நிமிர்த்தினேன். கைக்குள் நிமிர்ந்து, மறுபடி குனிந்தார். மன்னிப்புக் கேட்கப் போனவள், அதை வாங்கிக்கொண்டு வந்தேன். சமையலறை மேசையில், இரண்டு கதிரைகளில் இருந்து, அந்தத் தேநீரைக் குடித்தோம். கசப்பு. எனக்குப் பிடிக்கவில்லை. முழுவதும் குடித்தேன்.

அந்தக் கோடையில் அவர்கள் ஊர் திரும்பினார்கள். கடைசி வகுப்பன்று துணிவை வரவழைத்து, “கிமோனோ?” என்று மட்டும் கேட்டேன். அவர் கைகளை விரித்து, “ஃபினி,” என்று புன்னகைத்தார். முடிந்தது. கறை முடிந்ததா, பட்டே முடிந்ததா? அந்தக் காலத்தில் எங்கள் இருவருக்கும் பாண் தீர்ந்தாலும் ஃபினிதான், வேலை முடிந்தாலும் ஃபினிதான். நானும் புன்னகைத்தேன்.

இன்று நான் மற்றவர்களுக்காக அலுவலகங்களில் பிரெஞ்சு பேசிக் கொடுக்கிறேன். அன்று வேண்டியிருந்த வசனங்களெல்லாம் இப்போது என்னிடம் இருக்கின்றன. அவருடைய முகவரிதான் இல்லை. போன மாதம் சலவைக்குக் கொடுத்த குளிர் உடுப்பை எடுக்க பிரெஸ்ஸிங் கடைக்குப் போனபோது, அங்கே வேலை செய்யும் எங்கடை அண்ணையிடம், “பட்டில பச்சைத் தேயிலைக் கறை பட்டால் போகுமோ அண்ணை?” என்று கேட்டேன்.

“உடன கொண்டு வந்தால் போகும், தங்கச்சி. எப்ப பட்டது?”

“பன்னிரண்டு வருசம்.”

அவர் பகிடி என்று நினைத்து உரக்கச் சிரித்தார். நான் உடுப்பை வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன்.