அக்கரபத்தனையில் தண்ணீர் தொண்ணூற்றைந்தில் கொதிக்கிறது

போன ஜூலையில் இரண்டு நாள் லீவு போட்டு மலைக்குப் போனேன். தேயிலையையும் அருவியையும் பார்க்கவல்ல. புஷ்பலதா டீச்சர் கூப்பிட்டார். என்னோடு பயிற்சிக் கல்லூரியில் படித்தவர், அக்கரபத்தனைக்கு மேலே ஒரு தோட்டப் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறார். அவருக்கு இடமாற்றம் வந்துவிட்டது. பதிலுக்கு யாரும் வரப்போவதில்லை.

“போறதுக்கு முன்னாடி ஒரு நாளாவது புள்ளைங்க கையால செஞ்சு பாக்கட்டும் சேர்” என்றார் போனில். “பதினோராம் ஆண்டுல யோகேஸ்வரின்னு ஒரு புள்ள. அது ஒண்ணாவது பரீட்சை முடிஞ்சு ஏ.எல். வகுப்புல விஞ்ஞானம் எடுக்கணும்.”

கொழும்பு கோட்டையில் காலை 5.55 ரயில். மூன்றாம் வகுப்பில் பதிவில்லாத டிக்கெட், நானூறு ரூபாய்க்குள் முடிந்தது. உட்கார இடம் கிடைக்கும் என்று நம்பிப் போகாதீர்கள், நான் நாவலப்பிட்டி வரை நின்றேன். ஹட்டனில் இறங்கும்போது பதினொன்றைத் தாண்டிவிட்டது. ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் அறை, ஓர் இரவுக்கு 3,500. வெந்நீர் உண்டு என்று போர்டில் எழுதியிருந்தது. கிழிஞ்சது போங்க, குழாயில் வந்தது ஐஸ்.

மறுநாள் 6.15 பஸ்ஸில் தலவாக்கலை வழியாக அக்கரபத்தனை. ஒன்றே முக்கால் மணி நேரம். அங்கிருந்து தோட்டத்துக்கு ஏழு கிலோமீட்டர், ஆட்டோ மட்டும்தான், 1,200 ரூபாய். அதைப் பாதை என்று சொல்ல வாய் வரவில்லை. மடியில் பெட்டியைக் கட்டிப்பிடித்தபடி போனேன். உள்ளே இரண்டு வெப்பமானி, நான்கு வில்லை, மெழுகுதிரி, எலுமிச்சை, அப்பச்சோடா.

“புஷ்பலதா டீச்சரு சொன்ன கொழும்பு சேர் நீங்கதானே?” என்றார் ஆட்டோக்காரர். “நான் யோகேஸ்வரியோட அப்பா.”

ஒரு பள்ளத்தைச் சுற்றி வளைத்து ஓட்டினார். பிறகு கேட்டார்: “உண்மையச் சொல்லுங்க சேர். எங்க புள்ளைக்கு அந்த விஞ்ஞானப் படிப்பு வருமா? வரும்னா எப்பாடுபட்டாவது ஹட்டன்ல பெரிய பாடசாலையில சேத்துருவேன். இல்லாட்டி பரீட்சை முடிஞ்சதும் கொழும்புல ஒரு துணிக்கடையில கேட்டு வச்சிருக்கு.”

“பார்த்துவிட்டுச் சொல்கிறேன்” என்றேன். பெரிய நீதிபதி மாதிரி!

பாடசாலையில் ஆய்வுகூடம் என்று எழுதிய ஓர் அறை உண்டு. பூட்டு துருப்பிடித்திருந்தது. உள்ளே இருக்கும் சாமான் உடைந்தால் யார் பொறுப்பு என்ற பயத்தில் எந்த அதிபரும் அதைத் திறப்பதில்லையாம். வகுப்பறையிலேயே கடை விரித்தேன். பதின்மூன்று பிள்ளைகள். வில்லையால் கடதாசி எரிக்கும் செய்முறைக்கு வெயில் வேண்டும். வெளியே மூடுபனி பக்கத்து லயத்து வீடுகளையே விழுங்கியிருந்தது. கொழும்பிலிருந்து திட்டம் போடுகிறவனுக்கு இதெல்லாம் எங்கே தெரியப்போகிறது! வில்லைகள் பெட்டிக்குள் திரும்பிப் போயின.

தேத்தண்ணீர்தான் மானத்தைக் காப்பாற்றியது. சாயத்தில் எலுமிச்சை பிழிந்தால் நிறம் வெளுக்கும், அப்பச்சோடா போட்டால் கறுக்கும். அமிலம், காரம் இரண்டையும் காட்ட இதைவிட மலிவான வழி கிடையாது. “அடியே, இது நம்ம தேயிலடீ!” என்று ஒருத்தி கத்தினாள். ஆசிரியர்கள் யாராவது இதை வாசித்தால் நாளைக்கே செய்து பாருங்கள்.

அடுத்தது கொதிநிலை. மண்ணெண்ணெய் அடுப்பில் கேத்தலை வைத்து, ஆளுக்கு ஆள் வெப்பமானியை வாசிக்க வைத்தேன். யோகேஸ்வரி, மெலிந்த பெண், கண்ணைப் பாதரசத்தின் மட்டத்துக்குச் சரியாகக் கொண்டுவந்து வாசித்தாள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

“தொண்ணூத்தஞ்சு சேர்.”

இரண்டாவது வெப்பமானியையும் வைத்தாள். அதுவும் தொண்ணூற்றைந்து. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. உயரமான இடம், காற்றழுத்தம் குறைவு, அதனால் முன்கூட்டியே கொதிக்கிறது. இதைச் சொல்லத்தானே இவ்வளவு தூரம் வந்தேன்! விளக்குவதற்கு முன், கண்டதைக் கொப்பியில் எழுதச் சொன்னேன்.

பதின்மூன்று கொப்பிகளிலும் நூறு. யோகேஸ்வரியின் கொப்பியிலும் நூறுதான்.

“ஏம்மா, நீதானே தொண்ணூற்றைந்து என்று சொன்னாய்?”

“அது அதுல காட்டுனது சேர். எழுதுறது நூறுதானே.” நான் முழிப்பதைப் பார்த்து அவளே பொறுமையாக விளக்கினாள். “எங்க அம்மா கொழுந்து நிறுக்கிற மடுவத்துலயும் அப்படித்தான். தராசு பதினெட்டு காட்டும். ஈரத்துக்குன்னு ரெண்டு, சாக்குக்குன்னு ஒண்ணு கழிச்சுப் பதினஞ்சுன்னு எழுதுவாங்க. வெயில் காஞ்ச அன்னிக்கும் ஈரத்துக்கு ரெண்டு.”

மற்றப் பிள்ளைகள் தலையாட்டினார்கள். இதிலென்ன அதிசயம் என்பது போல.

விடவில்லை நான். காற்றழுத்தத்தைப் படம் போட்டு விளக்கினேன். கடல் மட்டத்தில் நூறு, இங்கே தொண்ணூற்றைந்து, இரண்டும் சரி, கண்டதைக் கண்டபடி எழுதுவதுதான் விஞ்ஞானம் என்று தொண்டை கிழியக் கத்தினேன். யோகேஸ்வரி கொப்பியில் நூறை வெட்டித் தொண்ணூற்றைந்து என்று எழுதினாள். அவள் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். பிறகு கை உயர்த்தினாள்.

“அப்ப பரீட்சையில தண்ணியோட கொதிநிலை என்னன்னு கேட்டா சேர்?”

மணி அடித்துவிட்டது. வெளியே ஆட்டோ ஹோர்ன். கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும்.

“பரீட்சைக்கு நூறு என்றே எழுதும்மா” என்றேன்.

“சரி சேர்” என்றாள். அவ்வளவுதான். கொப்பியை மூடிவிட்டாள்.

திரும்பும்போது அவளும் ஆட்டோவில் ஏறினாள். அவளுடைய லயம் வழியில்தான். அப்பா கேட்பதற்கு முன்பே சொல்லிவிட்டேன்: “உங்கள் பிள்ளைக்கு விஞ்ஞானம் தாராளமாக வரும். இப்படி வாசிக்கிற பிள்ளையை நான் கொழும்பிலேயே அதிகம் பார்த்ததில்லை.”

அப்பாவுக்குப் பின்கழுத்து வரை சிரிப்பு. “கேட்டியா பாப்பா? ஹட்டன்ல சேருவமா?”

“வேணாம்ப்பா” என்றாள் யோகேஸ்வரி. “டீச்சரும் போறாங்க. அதோட, அதுவும் நம்ம மடுவம் மாதிரித்தான். காட்டுறது ஒண்ணு, எழுதுறது ஒண்ணு. சேரே சொன்னாங்க.”

அவள் கையில் கொடுத்ததை நானே பிடுங்கிக்கொண்டேன். அவர் 1,200 ரூபாயை வாங்க மாட்டேன் என்று அடம்பிடித்தார். சீட்டில் வைத்துவிட்டு இறங்கினேன்.

இப்படிப் போக நினைக்கிறவர்களுக்குச் சில வார்த்தைகள். மழைக் கோட்டு கட்டாயம். ஆடி, ஆவணியில் வெயிலை நம்பிய செய்முறை எதையும் எடுத்துப் போகாதீர்கள். அக்கரபத்தனையிலிருந்து திரும்பும் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று காலையிலேயே கேட்டுவையுங்கள். முடிந்தால் இரண்டு நாள் தங்குங்கள். பிள்ளைகள் கடைசியில் கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்ல நேரம் வேண்டும். எனக்கு அந்த நேரம் இருக்கவில்லை. இருந்திருந்தால் வேறு பதில் சொல்லியிருப்பேனா என்பதும் எனக்கு நிச்சயமில்லை.

பரீட்சை முடிந்த கையோடு யோகேஸ்வரி கொழும்புக்கு வந்துவிட்டதாகப் புஷ்பலதா டீச்சர் சொன்னார். எந்தத் துணிக்கடை என்று அவருக்குத் தெரியாது. அன்றிரவு என் வீட்டுக் கேத்தலில் அதே வெப்பமானியை வைத்துப் பார்த்தேன். நூறு. புத்தகத்தில் உள்ளபடியே, அச்சொட்டாக நூறு. அவளும் இப்போது இந்தத் தண்ணீரில்தான் தேத்தண்ணீர் ஊற்றுகிறாள்.