விஜயலக்ஷ்மி பார்க்காத எரிநட்சத்திரம்

ஹவுரா ஸ்டேஷன் விசாரணை கவுண்டரில் இருபத்தாறு வருஷம் உட்கார்ந்திருந்த அனந்தகிருஷ்ணனுக்கு உலகத்தில் இரண்டே ஜாதிதான் உண்டு. கால அட்டவணை படிக்கத் தெரிந்தவர்கள் ஒன்று, தெரியாதவர்கள் ஒன்று. இரண்டாவது ஜாதியிலும் அவருக்கு ஆகவே ஆகாதவர்கள், நள்ளிரவு தாண்டிப் புறப்படும் வண்டிக்கு ஒரு நாள் கழித்து வருகிறவர்கள். டிக்கெட்டில் ஏழாம் தேதி, 00.20 என்று கொட்டை எழுத்தில் இருக்கும். ஆறாம் தேதி ராத்திரி வந்திருக்க வேண்டிய குடும்பம், ஏழாம் தேதி ராத்திரி சாவகாசமாகச் சாப்பிட்டுவிட்டு ஊறுகாய் ஜாடியோடு வந்து நிற்கும். வண்டி நேற்றே போய்விட்டது என்று சொல்வதில் மனிதருக்கு ஒரு தனி ருசி. சொன்னதோடு விடுவாரா? பெங்காலி, ஹிந்தி, தமிழ் என்று மூன்று பாஷையிலும் பாடம் நடத்துவார். அந்தக் குடும்பத்துக் குழந்தைகள் அழ ஆரம்பித்தால்தான் நிறுத்துவார்.

வேலை நேரம் போக மிச்சப் பொழுதெல்லாம் அவருக்கு ஆகாயம்தான். கார்டன் ரீச் ரயில்வே குவார்ட்டர்ஸில் இரண்டாம் மாடி வீடு, அதன் பால்கனி முழுக்க ஒரு தொலைநோக்கி. தண்ணீர்க் குழாய்க்குப் போடும் தடித்த பிளாஸ்டிக் பைப்பில் அவரே செய்தது. 1997-இல் செவ்வாயில் அமெரிக்காக்காரனின் வண்டி இறங்கியபோது இவர் கவுண்டரில் ஆளுக்கொரு சந்தேஷ் கொடுத்தார். வாங்கித் தின்றவர்கள் இவருக்குப் பேரன் பிறந்திருக்கிறான் என்று நினைத்துக்கொண்டார்கள். 2001 மார்ச்சில் ரஷ்யாவின் மீர் விண்வெளி நிலையத்தைக் கடலில் விழவைத்தார்கள் அல்லவா, அப்போது குவார்ட்டர்ஸ் நோட்டீஸ் போர்டில், ‘மீர் நம் தலையில் விழாது, யாரும் பயப்பட வேண்டாம்’ என்று எழுதி ஒட்டினார். அதுவரை ஒருவரும் பயப்படவில்லை. அன்றைக்குப் பாதிப் பேர் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பவில்லை.

இத்தனை செய்தும் ஒரு விஷயத்தில் மட்டும் அவர் தோற்றுக்கொண்டே இருந்தார். அவருடைய மனைவி விஜயலக்ஷ்மி ஒரு எரிநட்சத்திரத்தைக்கூடப் பார்த்ததில்லை. கூப்பிட்டால் வராதவள் இல்லை. ஒவ்வொரு தடவையும் மொட்டை மாடிக்கு வந்து கழுத்து வலிக்க நின்றிருக்கிறாள். ஆனால் அவள் தும்மும்போதோ, பிளாஸ்கைத் திறக்கும்போதோ, கொசுவை அடிக்கும்போதோ பார்த்துத்தான் அது விழும். “அதோ!” என்று இவர் கத்துவார். அவள் திரும்புவதற்குள் அங்கே ஒன்றும் இருக்காது. பதினெட்டு வருஷம் இப்படியே நடந்தால் எந்தப் பெண்டாட்டிக்குத்தான் புருஷன் மேல் சந்தேகம் வராது? அவர் கதை விடுகிறார் என்று அவள் முடிவே கட்டிவிட்டாள்.

அந்த வருஷம் துர்கா பூஜை முடிந்ததும் எதிர்வீட்டு பெங்காலி அண்ணி மித்ரா பௌதியைச் சாட்சிக்கு வைத்துக்கொண்டு அவள் கறாராகச் சொன்னாள்: “இதோ பாருங்கோ, எனக்கு வாஷிங் மெஷின் வேணும். குழாய் இருக்கற எடம் அந்த பால்கனி ஒண்ணுதான். அடுத்த தடவையும் என் கண்ணுல எதையும் காட்டலேன்னா உங்க பைப் பழைய பேப்பர்காரனுக்குப் போயிடும். அப்பறம் என்னைக் கேக்கப்படாது.”

அந்தத் தொலைநோக்கி இல்லாத பால்கனியை அனந்தகிருஷ்ணனால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை. அந்தச் சமயத்தில்தான் பேப்பரில் செய்தி வந்தது. நவம்பரில் லியோனிட்ஸ், அதாவது சிம்ம ராசிப் பக்கமிருந்து வரும் எரிநட்சத்திர மழை. ஆசியா முழுக்கத் தெரியும், மணிக்கு ஆயிரக்கணக்கில் விழலாம். ஆயிரம் விழுந்தால் எத்தனை தடவைதான் தும்முவாள் என்று கணக்குப் போட்டுப் பார்த்து அவர் தைரியமானார். செய்தியைக் கத்தரித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அதில் நேரமும் போட்டிருந்தது: நவம்பர் 19, 00.00 முதல் 05.00 வரை.

உடனே நோட்டீஸ் போர்டில் அறிவிப்பு ஏறியது: ‘19-ஆம் தேதி திங்கட்கிழமை இரவு பதினோரு மணிக்கு அனைவரும் மொட்டை மாடிக்கு வருக. போர்வையும் குல்லாயும் அவசியம்.’

உங்களுக்குப் புரிந்துவிட்டது. ஹவுரா ஸ்டேஷனில் ஊறுகாய் ஜாடியோடு நின்ற எந்தக் குடும்பத்தைக் கேட்டாலும் இந்நேரம் புரிந்திருக்கும். அவருக்குப் புரியவில்லை. வண்டி என்றால் வண்டி, வானம் என்றால் வானம் என்று அவர் மூளை இரண்டு தனித்தனி அறையாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை விஜயலக்ஷ்மி வருகிறவர்கள் உட்காருவதற்காக வீட்டிலிருந்த ஜமக்காளங்களையெல்லாம் துவைத்து மாடியில் உலர்த்தினாள். அனந்தகிருஷ்ணன் மறுநாள் கண்விழிப்புக்குத் தூக்கத்தைச் சேமிக்க வேண்டும் என்று எட்டரை மணிக்கே காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு படுத்தார். திங்கட்கிழமை லீவு போட்டுவிட்டுப் பகலிலும் தூங்கினார். சாயங்காலம் ஏதோ கேபிள் எரிந்து குவார்ட்டர்ஸ் முழுக்கக் கரண்ட் போனது. டி.வி. ஓடவில்லை என்று எல்லோரும் திட்ட, அவர் ஒருவர் மட்டும் இருட்டு கிடைத்ததே என்று பூரித்துப்போனார்.

பதினோரு மணிக்கு முப்பது பேர் மாடியில் கூடிவிட்டார்கள். கல்கத்தாவில் நவம்பர் வந்தால் மங்கி குல்லாய் போடாதவன் மனுஷனே இல்லை. முப்பது குல்லாய்களும் ஒரே திசையில் அண்ணாந்திருந்தன. எரிநட்சத்திரத்துக்குத் தொலைநோக்கி தேவையே இல்லை என்பது அனந்தகிருஷ்ணனுக்கு நன்றாகத் தெரியும். இருந்தாலும் இரண்டு பேரைப் பிடித்து அதை மேலே ஏற்றியிருந்தார். அதன் உயிருக்கு நடக்கும் பஞ்சாயத்தில் அதுவும் இருக்கட்டும் என்று நினைத்தாரோ என்னவோ.

பன்னிரண்டு அடித்தது. பன்னிரண்டரை ஆயிற்று. ஒரு விமானம் போனது, அதற்குக் கைதட்டினார்கள். ஒன்றரை மணிக்கு, பக்கத்து கவுண்டரில் வேலை செய்யும் துரைசாமி தொண்டையைக் கனைத்துக்கொண்டு கேட்டார்: “சார், வண்டி எத்தனை மணி நேரம் லேட்டுங்க?”

எல்லோரும் சிரித்தார்கள். அனந்தகிருஷ்ணன் சிரிக்கவில்லை. மித்ரா பௌதி தொலைநோக்கியைத் தட்டிப் பார்த்து, நல்ல கனம், பேப்பர்காரன் எடைக்கு எடுத்துக்கொள்வான் என்று பெங்காலியில் சொன்னாள்.

அப்போதுதான் விஜயலக்ஷ்மி கொட்டாவி விட்டபடி சொன்னாள்: “இதுக்கு நேத்திக்கு வாணம் விட்டாளே, அவாளையாவது கூப்பிட்டிருக்கலாம்.”

“யாரு விட்டா?”

“யாரோ. காளி பூஜையில விட்டது போக மிச்சம் வெச்சிருந்தா போலிருக்கு. ஜமக்காளம் பனியில நனையறதேன்னு ராத்திரி ரெண்டு மணிக்கு எடுக்க வந்தேன். ஆகாசம் பூரா சர்ரு சர்ருன்னு ஒண்ணு மேல ஒண்ணு. பச்சையா, மஞ்சளா. ஒண்ணு ஆத்தங்கரைப் பக்கம் போச்சு, அதோட புகை ரெண்டு நிமிஷம் அப்படியே நின்னுது. ஆனா ஒண்ணுலகூட சத்தமே வரலே. நமுத்துப்போன சரக்கை ஏமாந்து வாங்கியிருக்காளேன்னு நெனச்சுண்டேன்.”

அனந்தகிருஷ்ணன் சட்டைப் பையிலிருந்து பேப்பர் துண்டை எடுத்து டார்ச் வெளிச்சத்தில் பிடித்தார். நவம்பர் 19, 00.00.

வாயைத் திறக்காமல் இருந்துவிடலாம். விஞ்ஞானிகள் தப்பாகச் சொல்லிவிட்டார்கள் என்று பழியைத் தூக்கி அந்தப் பக்கம் போட்டால் முப்பது பேரும் நம்புவார்கள். மானம் பிழைக்கும், தொலைநோக்கி போகும். உண்மையைச் சொன்னால் தொலைநோக்கி பிழைக்கும். ஆனால் இரண்டடி தள்ளித் துரைசாமி நிற்கிறார். நாளை காலையில் ஹவுரா ஸ்டேஷன் கூலிகளுக்குக்கூட விஷயம் தெரிந்துவிடும். அனந்தகிருஷ்ணன் பைப்பைப் பார்த்தார். குல்லாயைக் கழற்றினார்.

“வண்டி நேத்தே போயிடுத்து,” என்றார்.

உடனே துரைசாமி முன்னால் வந்து நின்று, நள்ளிரவு பன்னிரண்டுக்குத் தேதி எப்படி மாறுகிறது என்பதை முதலில் பெங்காலியில், அடுத்து ஹிந்தியில், கடைசியாகத் தமிழில், ஒரு வார்த்தை விடாமல் விளக்கினார். பதினாறு வருஷம் பக்கத்துக் கவுண்டரில் உட்கார்ந்து காது புளிக்கக் கேட்டவர். மித்ரா பௌதி சிரித்துச் சிரித்து ஜமக்காளத்திலேயே படுத்துவிட்டாள்.

எல்லோரும் இறங்கிப்போன பிறகு இரண்டு பேருமாக ஜமக்காளங்களை மடித்தார்கள்.

“அதெல்லாம் நெஜமாவே எரிநட்சத்திரமா?” என்றாள் விஜயலக்ஷ்மி.

“ஆமா.”

அவள் ஜமக்காளத்தைக் கையில் பிடித்தபடி வானத்தை அண்ணாந்து பார்த்தாள். “அப்பிடின்னா இத்தனை வருஷமா நீங்க சொன்னது பொய்யில்லே. சரி, பைப் இருந்துட்டுப் போகட்டும்.”

பதினெட்டு வருஷம் காத்திருந்த வார்த்தை. அவர் துள்ளிக் குதித்திருக்க வேண்டும். ஆனால் பச்சையாகவும் மஞ்சளாகவும் விழுந்ததை நினைக்க நினைக்க அவருக்கு ஆறவில்லை. ஆயுசில் ஒரு தடவை வருவது, தலைக்கு மேலேயே நடந்திருக்கிறது.

“அத்தனையும் நீ ஒருத்தியாவே நின்னு பாத்தியா? என்னை ஒரு குரல் எழுப்பப்படாதோ?” என்றார்.

“எழுப்பாம என்ன? ஓடி வந்து தோளைப் பிடிச்சு உலுக்கினேன். காதுப் பஞ்சைக்கூட எடுத்தேன். ஆகாசம் பூரா வாணமா இருக்கு, ஒரு நிமிஷம் வந்து பாருங்கோன்னு கெஞ்சினேன்.”

“நான் என்ன சொன்னேன்?”

“‘நாளைக்கு எரிநட்சத்திரம் பாக்கணும், தூக்கத்தைக் கெடுக்காதே’ன்னேள். என் கையிலேர்ந்து பஞ்சைப் பிடுங்கி நீங்களே திரும்ப வெச்சுண்டேள்.”