மழைக்கு வாளி வைக்கிறவன்

மலையாள நாட்டில், இந்தக் கரமனையில் மழை பெய்தால் ஆட்கள் சலித்துக்கொள்கிறார்கள். வந்து இத்தனை வருடமாகியும் எனக்கு அது பழகவில்லை. தூறல் விழுந்ததுமே வாளியை எடுத்துக் கூரை விளிம்புக்குக் கீழே வைத்துவிடுவேன். கிணற்றில்தான் தண்ணீர் இருக்கிறதே, வாளி எதற்கு என்று பக்கத்து வீட்டு சசி சிரிப்பார்.

“அண்ணாச்சீ, கிணற்றில் வெள்ளம் உண்டல்லோ. பின்னெ எந்தினா பக்கெட்?”

எட்டாவதோடு படிப்பை விட்டு, பழவங்காடிப் பாத்திரக்கடைக்கு வேலைக்கு வந்தவன் நான். கதையும் சினிமாவும் பற்றிப் பேச எனக்கென்ன தெரியும்? ஆனால் பொறாமைப்படப் படிப்பு வேண்டாமே. இந்த மலையாளிகள் படத்தில் காதல் வந்தாலும் மழை, சாவு வந்தாலும் மழை. ஆறு, தோணி, பச்சை. அதைப் பார்த்துப் பார்த்தே ‘இதுதான் நாங்கள்’ என்று ஒரு தெம்பு வந்துவிடுகிறது. எங்கள் கோவில்பட்டிப் பக்கத்தைக் காட்டினால் வெடித்த கரிசல், வேலிக்கருவை, கூடவே ஓர் அரிவாள். கதைகளிலும் காலிக்குடம்தான். மண்ணில் இருப்பதுதான் ஆளுக்கு முகமாகிறது போலும். பருத்தி வெடித்து வெள்ளை வெளேரென்று கிடக்கும் காட்டை ஏன் ஒருத்தரும் காட்ட மாட்டேன் என்கிறார்கள்?

என் பயமெல்லாம் மகள் கயலைப் பற்றித்தான். இங்கேயே பிறந்தவள். கோவில்பட்டியை ‘உங்க ஊரு’ என்பாள்.

போன மாதம் அவள் பள்ளிக்கூடத்தில் சொந்த ஊரைப் பற்றி ஒரு குறும்படம் எடுத்தார்கள். படப்பிடிப்பு எங்கள் தெருவில். அன்றைக்குப் பார்த்து மழை இல்லை. மொட்டைமாடியிலிருந்து குழாயில் பீய்ச்சினார்கள். கயல் நனைந்தபடி, “இது ஞங்ஙளுடெ மழ” என்றாள், எங்கள் மழை என்று. அந்தப் பொய் மழைமேல்கூட எனக்கு எரிச்சல். ஆனால் நல்ல தண்ணீர் தெருவில் ஓடுகிறதே! கை தானாக வாளியை எடுத்தது. நேரே கொண்டுபோய் அவள் பக்கத்தில் வைத்துவிட்டேன்.

“கட்! கட்! ஆ சேட்டன் ஆரா?” யார் அந்த ஆள் என்று டீச்சர் கத்தினார்.

கயல் என்னையும் வாளியையும் மாறி மாறிப் பார்த்தாள். தெரியாது என்று சொல்லிவிடுவாளோ என்று பயந்தேன்.

“என்றெ அச்சனா, டீச்சர்.” அப்பாதான் என்று ஒப்புக்கொண்டவள், பிறகு என்னிடம் பல்லைக் கடித்தாள்: “அய்யோ அப்பா, நாணக்கேடு! உங்க ஊர்ப் பழக்கத்த இங்க கொண்டுவராதீங்க.”

நேற்று சாயங்காலம் நிஜ மழை. நான் வேண்டுமென்றே எழுந்திருக்கவில்லை. கயல்தான் போனிலிருந்து கண்ணை எடுக்காமல், வாளியைக் காலால் வெளியே தள்ளினாள்.

“என்ன பாக்கீங்க? இத வச்சாத்தான உங்களுக்கு நிம்மதி.”

வாளி நிறைந்தது. அது மறுபடி நிறைவதைப் பார்க்க, சிரித்துக்கொண்டே தெருவில் கவிழ்க்கப் போனாள். ஓடிப்போய்ப் பிடித்தேன். அவள் சாய்க்கிறாள், நான் நிமிர்த்துகிறேன். வாளி எங்கள் இருவர் கையிலும் இருந்தது. மழை அதன் பாட்டுக்கு அதில் விழுந்துகொண்டிருந்தது.